காலி நாற்காலிக்கு வாசித்தவர்

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் செய்தவர்கள் சாலையெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்த காலம். அப்போது பார்த்துத்தான் எங்கள் இயக்குநருக்குக் கல்வராயன் மலையில், கரியாலூரில் படமெடுக்கும் ஆசை வந்தது. தனிமையிலேயே வாழ்ந்து முடிந்த ஒரு பியானோ கலைஞரின் கதை. அந்த வேடம் எனக்கு. சங்கராபுரத்து நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவனுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

கதையில் வரும் அந்தப் பியானோ கலைஞர் ஒரு மாதிரியான ஆள். எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, அதற்கு ஒரு டம்ளர் காபியும் வைத்துவிட்டுத்தான் வாசிப்பார். வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. ஒத்திகையில் எனக்கு விரல் ஓடியது, முகம் ஓடவில்லை. காலி நாற்காலியைப் பார்த்தால் காலி நாற்காலிதான் தெரிந்தது.

"பியானோ வந்ததும் ஒரே ஒரு தடவை. அப்பவும் வரலைன்னா வேற ஆளப் போட்டுடுவேன்" என்றார் இயக்குநர்.

பாண்டிச்சேரியிலிருந்து பியானோவை ஏற்றிவர நானே போனேன். மலை வளைவில் சாயாமல் இருக்க லாரியில் வைக்கோல் பரப்பி, மல்லாக்கப் படுக்கவைத்து, வெள்ளைத்துணி போர்த்தினோம். முதல் நாள் படப்பிடிப்புக்குப் போகும் பொருளாயிற்றே என்று டிரைவர் மாலை போட்டு ஊதுவத்தியும் கொளுத்திவிட்டார். பக்கத்தில் நான், வேடம் போய்விடுமே என்ற கவலையில் தலையைத் தொங்கப்போட்டபடி.

மலையடிவாரத்தில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. காவலுக்கு நின்றவர்களில் மூத்தவர் லாரிக்குள் எட்டிப் பார்த்தார். சட்டென்று தலைத்துண்டை அவிழ்த்தார்.

"கரியாலூருக்குங்களா?"

நான் தலையாட்டினேன்.

"பொணத்த நிறுத்தக் கூடாதுடா. மரத்தத் தள்ளுங்க" என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, எனக்குப் பியானோ மேலே போயாக வேண்டும். மலையேற ஏறப் பனி லாரிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊதுவத்தி வாசனையில் அரைத்தூக்கமாக இருந்தது. உண்மையிலேயே யாரையோ கொண்டுபோகிறோம் என்று தோன்றி, அந்த வெள்ளைத்துணியைத் தடவிக்கொண்டே போனேன்.

மறுநாள் பகலில், ஒட்டுத்தாடியும் கோட்டுமாக நான் பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தபோது, மரத்தைத் தள்ளச் சொன்ன அந்த மூத்தவர் வந்து நின்றார். பஸ் இல்லாததால் நடந்தே வந்து, வாசலில் நின்ற லாரியை அடையாளம் கண்டிருக்கிறார். கையில் சாமந்தி மாலை.

"துக்கம் கேக்க வந்தேங்க. செத்தவங்க படத்துக்காவது மாலை போடலாம்னு..."

எனக்கு மானமே போயிற்று. எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப யாரும் சாவலீங்களா?"

"இல்லைங்க."

"நல்லதுங்க" என்றார். நடந்துவந்த களைப்பில் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அவரை எழுப்ப இயக்குநர் ஓரடி எடுத்து வைத்தார், பிறகு நின்றுவிட்டார்.

"எங்க அண்ணன் போன வாரம் பூட்டாருங்க. நாங்க வெட்டிப்போட்ட மரந்தான் வழிய மறிச்சிடுச்சு. நான் சுத்திக்கினு போறதுக்குள்ள எடுத்துட்டாங்க. மூஞ்சியப் பாக்கல." மாலையை மடியில் வைத்துக்கொண்டு, "வாசிங்க, கேக்குறேன்" என்றார்.

வாசித்தேன். அவரைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். ஓரிடத்தில் விரல் தவறியது, நிறுத்தவில்லை. சன்னலுக்கு வெளியே மலை இருந்ததா, பனி மட்டும்தான் இருந்ததா என்று நினைவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்துக் கேமரா ஓடியது பிறகுதான் தெரியும். அந்த ஒரு தடவையில் வேடம் எனக்கே நிலைத்தது. சந்தோஷப்பட வெட்கமாக இருந்தது.

வாசித்து முடித்ததும் அவர் எழுந்து மாலையைப் பியானோமேல் வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. அவரும் சொல்லவில்லை.