முதல் பீரியட் கணக்கு

பொங்கலுக்கு உங்கள் அக்கா திருப்பூரிலிருந்து வந்திருந்தாள். சோறு போடுவதில் ஏதோ சண்டை வந்து, உங்களில் சின்னவன் அவளைப் பார்த்து "போடி பெயிலு" என்றான். அவள் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அவள் பத்தாவது படித்த வருஷம் நீங்கள் இரண்டு பேரும் ரொம்பச் சின்னப் பிள்ளைகள். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் அப்பா நான் எட்டாவதோடு நின்றவன், கோவையாக எழுத வராது. ஆனால் வாயால் சொன்னால் பாதியிலேயே கோபம் வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

மலையில் நம் ஊரிலிருந்து அடிவாரத்துப் பள்ளிக்குப் போக ஒரே பஸ். அது காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து மேலே ஏறி வந்து, திரும்பி இறங்க வேண்டும். வளைவில் கிழங்கு லாரி எதிரே வந்துவிட்டால் நின்று, பின்னால் போய், வழி விட்டுத்தான் வர முடியும். என்ன அவசரமாக ஓட்டினாலும் பள்ளியில் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரும்.

அக்கா ஆறாவது சேர்ந்தபோது அங்கே தலைமை ஆசிரியராக ஓர் அம்மா இருந்தார். அவர் இந்த பஸ் விஷயத்தைத் தெரிந்துவைத்திருந்தார். மலைப் பிள்ளைகள் இருக்கிற வகுப்புகளுக்கெல்லாம் முதல் பீரியட்டில் நீதிபோதனை, விளையாட்டு, படம் வரைவது என்று போட்டுவிடுவார். "மலப் புள்ளைங்களுக்கு நீதிபோதன போயிடுதே மேடம்" என்று ஒரு வாத்தியார் கேட்டாராம். "அதுங்களுக்கு எதுக்கு? நமக்குத்தான் வேணும்" என்றாராம் அந்த அம்மா. அவர் அறைக்கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். பெருக்குகிற அம்மாகூட உள்ளே போய் ஊர்க்கதை பேசிவிட்டு வருவாள்.

ஆனால் அவர் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய். பையன்கள் சுவர் ஏறிக் குதித்துப் போவார்கள். பாசானவர்கள் கம்மி. கீழே இருக்கிற பெற்றோருக்கு அதில் வருத்தம் ஜாஸ்தி. அந்த அம்மா மாற்றலாகிப் போனார். அக்கா பத்தாவது போன வருஷம் அவர் இடத்துக்குப் புது சார் வந்தார்.

புது சார் கெட்டிக்காரர். வந்த வாரமே சுவரை உயர்த்தினார். தாமதமாக வருகிற வாத்தியார்களுக்கும் ஆப்சென்ட் போட்டார். காலையில்தான் மூளை தெளிவாக இருக்கும் என்று பத்தாவதுக்கு முதல் பீரியட்டைக் கணக்காக மாற்றினார். மணி அடித்ததும் கேட்டைப் பூட்டச் சொன்னார். முதல் பீரியட் முடிந்துதான் திறக்க வேண்டும். "இப்பத்தான்யா இது பள்ளிக்கூடம்" என்று கீழே டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

மலைப் பிள்ளைகள் வெளியே புளிய மரத்தடியில் நின்றார்கள். ஆரம்பத்தில் அக்கா அதைச் சிரிப்பாகத்தான் வந்து சொல்வாள். வாட்ச்மேன் கேட்டாராம்:

"உங்க பஸ்ஸ இன்னா மாடு பூட்டியாடி இழுக்கறாங்க?"

"இல்லண்ணா, நாங்கதான் தள்ளிக்கினு வர்றோம்."

"அப்ப இன்னும் கொஞ்சம் வெரசா தள்ளுங்கடி, நான் இன்னா பண்றது."

பாவம், அவரும்தான் என்ன செய்வார். சாவி அவரிடம் இருந்தது, உத்தரவு இன்னொருவரிடம் இருந்தது.

மழைக் காலம் வந்ததும் சிரிப்பு நின்றது. நனைந்த பாவாடையோடு போய் இரண்டாவது பீரியட்டில் உட்காருவாள். கூட நின்ற பிள்ளைகளில் சிலர், மிளகு பறிக்கக் கேரளா போன அப்பா அம்மாவோடு கிளம்பிவிட்டார்கள். அக்கா மட்டும் விடாமல் போனாள். அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். அது உங்களுக்கும் தெரியும், உங்கள் கைக்கெல்லாம் துணி சுற்றிக் கட்டு போட்டு விளையாடினவள் அவள்.

அரைப் பரீட்சையில் மற்றதெல்லாம் நல்ல மார்க், கணக்கில் ஒன்றும் இல்லை. சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். கணக்கு வாத்தியாரும் பக்கத்தில் நின்றிருந்தார். சார்தான் பேசினார்.

"நல்ல பொண்ணுங்க. ஆனா கணக்கு சுத்தமா வரல. இந்த வருஷம் ஸ்கூல் பேர்ல எழுத வேணாம். தனியா எழுதட்டும். பாஸ் பண்ணா அதுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

தனியாக எழுதுவது என்றால், பள்ளியை விட்டு நிறுத்திவிட்டு எழுதுவது. எனக்கு அது புரிவதற்கே கொஞ்ச நேரம் ஆனது.

"சார், அவ கணக்கு கிளாஸ்ல உக்காந்ததே கெடையாதுங்களே."

"ஏன்? லீவு போடுதா?"

"லீவு இல்லீங்க. எங்க பஸ்ஸு மணியடிச்சப்புறம்தான் வருது. நீங்க கேட்டு தொறக்கறதுக்குள்ள கணக்கு முடிஞ்சிடுதுங்க. தெனமும் அதான்."

அவர் சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையைப் பார்த்தார். அப்புறம் வாத்தியாரைப் பார்த்தார். "இது உங்களுக்குத் தெரியுமா சார்?" வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரியும். எல்லா வாத்தியாருக்கும் தெரியும். வாட்ச்மேனுக்கும் தெரியும். அந்தப் பள்ளியில் தெரியாமல் இருந்தவர் சார் ஒருவர்தான். வெளியே வந்ததும் வாத்தியார் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நாங்க சொன்னா, சாக்கு சொல்றீங்கன்னு திட்டுவாருங்க. யாரு போய் வாங்கிக் கட்டிக்கறது?"

சார் கெட்டவர் இல்லை. மறு திங்கட்கிழமையே பத்தாவதுக்குக் கணக்கை மத்தியானத்துக்கு மாற்றினார். தனியாக எழுதச் சொன்னதையும் விட்டுவிட்டார். ஆனால் அதற்குள் பாடமெல்லாம் நடத்தி முடிந்திருந்தது. நடத்தியதைத் திருப்பிப் பார்க்கிற வேலைதான் மிச்சம். அக்காவுக்குத் திருப்பிப் பார்க்க ஒன்றும் இல்லை. சாயங்காலம் தனி வகுப்பு வைத்தார்கள். அது தொடங்குகிற நேரத்தில் மலைக்குக் கடைசி பஸ் கிளம்பிவிடும்.

பரீட்சை எழுதினாள். கணக்கில் மட்டும் போய்விட்டது. பள்ளியில் அந்த வருஷம் முன்பைவிட நிறையப் பேர் பாஸ். சாருக்கு மேலிடத்தில் பாராட்டு, கேட்டின் மேல் பேனர். அதில் பொய் இல்லை, கீழ்ப் பிள்ளைகள் நிஜமாகவே நன்றாக எழுதியிருந்தார்கள்.

சாரே போன் செய்தார். "துணைத் தேர்வு இருக்குங்க. பணம் கட்டியாச்சு. பொண்ண அனுப்புங்க, நானே கூட உக்காந்து சொல்லித் தர்றேன்." நான் அவளிடம் சொன்னேன். அவள் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"யாருப்பா சொன்னது?"

"ஹெச்.எம்மு."

"இப்பத்தான் என்னியத் தெரிஞ்சிதா அவருக்கு?"

"அப்பிடிப் பேசாத. ஒரே பாடம்தானே. நானும் கூட வர்றேன்."

"வந்து? நீயும் புளிய மரத்தடியில நிக்கப் போறியா? உடுப்பா."

உங்கள் அம்மா அழுது பார்த்தாள். நான் கெஞ்சினேன், ஒரு நாள் கத்தியும் பார்த்தேன். அந்த மாதமே பஞ்சாலை வேன் ஊருக்குள் வந்தபோது, மற்றப் பெண்களோடு ஏறிவிட்டாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் அவள் எங்களைப் பார்க்கவில்லை.

துணைத் தேர்வுக் கணக்குப் பரீட்சை நடந்த நாளில் நானும் அம்மாவும் மரவள்ளிக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தோம். அம்மா நிமிர்ந்து, "இன்னிக்கிதானே?" என்றாள்.

"ஆமா."

"இந்நேரம் பேப்பர் குடுத்திருப்பாங்க இல்ல?"

நான் அடுத்த களையை வெட்டினேன். அம்மாவும் மறுபடி குனிந்துகொண்டாள்.