கொல்லிமலைக்கு மலையாளம் கொண்டுபோன கதை

கொல்லிமலைக்கு நான் மலையாளம் கற்றுக்கொண்டு போனேன். இந்த ஒரு வரியிலேயே விஷயம் புரிந்து சிரித்துவிட்டவர்கள் நாமக்கல், சேலம் பக்கத்து வாசகர்களாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு நான் விளக்கியாக வேண்டும். எனக்குரிய தண்டனையில் அதுவும் ஒரு பகுதி.

நான் காஞ்சிபுரத்தில் வசிக்கிறேன். பத்திரிகைகளில் சிரிப்புக் கட்டுரைகள் எழுதுகிறேன். அதற்கு முன்பு பல வருடம் ஒரு கல்வி இதழில் துணை ஆசிரியராக இருந்ததால், எனக்குக் குழந்தைகளைப் பற்றி ஏதோ தெரியும் என்று நம்புகிறவர்கள் சிலர் இன்னும் மிச்சமிருக்கிறார்கள். அப்படி நம்பிய ஓர் அறக்கட்டளை, கொல்லிமலையின் தேவனூர் நாட்டில் தான் நடத்தும் மழலையர் மையத்தை நேரில் பார்த்துத் தரம் மதிப்பிட்டு வரும்படி கேட்டுக்கொண்டது. அனுப்பிய தாளில், ‘பல பண்பாட்டுக் குழந்தைகள் சேர்ந்து பயிலும் மையம். மலையாளிக் குழந்தைகள் பதினாறு, பிறர் ஆறு’ என்றிருந்தது.

கொல்லிமலை கடையெழு வள்ளல்களில் ஒருவன் ஆண்ட மலை என்பது வரை எனக்குத் தெரியும். இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கத் தோன்றவில்லை. என் படிப்பு இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. மிளகு விளைகிற இடம், குளிர்கிற இடம், ஆகவே கேரளத்துக்காரர்கள் குடியேறியிருப்பார்கள் என்று முடிவுகட்டினேன். எங்கள் தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் பாலக்காட்டுக்காரரிடம் மூன்று வாரம் பாடம் கேட்டேன். மலையாளப் பட அட்டைக் கட்டு ஒன்றையும் 240 ரூபாய் கொடுத்து வரவழைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குச் சேந்தமங்கலத்தில் பேருந்து ஏறினேன். மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்குக் கட்டணம் 38 ரூபாய். காரவள்ளியில் சமவெளி முடிந்து மலை தொடங்குகிறது. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு மலையாள வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்பது என் திட்டம். இருபதாவது வளைவில் என் முகத்தைப் பார்த்துவிட்டு நடத்துனர் பக்கத்தில் வந்தார்.

“சார், வாந்தி வர்றாப்பல இருந்தா முன்னாடியே சொல்லிப்போடுங்க. வந்தப்பறம் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லீங்க.”

அதன் பிறகு எந்த மொழியிலும் வாயைத் திறக்கவில்லை.

செம்மேட்டில் இறங்கியபோது மணி ஒன்பது ஆகியிருந்தது. பலாப்பழம், மலைவாழை, மிளகு, காப்பிக்கொட்டை விற்கும் கடைகளுக்கு நடுவே முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு தம்ளர் 30 ரூபாய். ஆட்டோ ஓட்டும் பழனி, நான் கேட்காமலே ஒரு தம்ளர் வாங்கிக் கையில் கொடுத்தார்.

“முட்டி வலிக்குத்தானுங்க வந்தீங்க? குடிச்சுப்போட்டு ஏறுங்க. எறங்கறப்ப ஓடுவீங்க.”

முட்டி வலிக்கு வரவில்லை, மழலையர் மையத்துக்குப் போக வேண்டும் என்றேன். “பால்வாடிக்குங்களா? நம்ம செல்லம்மா அக்கா இருக்குதே, அங்கதானுங்க?” என்றார். போக, வர, காத்திருக்க என்று மொத்தம் 500 ரூபாய் பேசினோம். பதினொரு கிலோமீட்டர். வழியெல்லாம் மரவள்ளியும், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடியுமாக இருந்தது.

மையம் என்பது இரண்டு அறைகளும் ஒரு பலா மரமும். வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஸ்டெல்லா டீச்சர் வரவேற்றார். தூத்துக்குடிக்காரர். கணவருக்குச் செம்மேட்டில் மின்வாரிய வேலை. அவர்களுடைய மகனும், செவிலியர் ஒருவரின் மகளும், இன்னும் நான்கு உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளும்தான் தாளில் கண்ட ‘பிறர்’. உள்ளே உதவியாளர் செல்லம்மாள் ஒரு குழந்தைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். அதே ஊர்க்காரர்.

நான் நடு அறையில் நின்று, கைகளை விரித்து, “சுகமாணோ மக்களே? எந்தா விசேஷம்?” என்றேன்.

இருபத்திரண்டு குழந்தைகளும் அசையாமல் பார்த்தன. ரம்யா என்கிற நான்கு வயதுக்காரிதான் முதலில் பேசினாள்.

“டீச்சர், இந்தத் தாத்தாவுக்குப் பல் வலிங்களா?”

விடாமல் பட அட்டைகளை எடுத்தேன். படகு வீட்டின் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். ஒரு பையன் பதறிப்போய், “ஊடு வெள்ளத்துல போகுதுங்க!” என்றான். இன்னொருத்தி அழ ஆரம்பித்தாள்.

செல்லம்மாள் வந்து அட்டையை மெதுவாக என் கையிலிருந்து வாங்கித் திருப்பி வைத்தார். “ஏனுங்க சார், நாங்க மலையாளிதானுங்க. ஆனா மலையாளம் எங்களுக்குத் தெரியாதுங்க. மலையில இருக்கறதால மலையாளி. எங்க முன்னோருங்க காஞ்சிபுரத்துல இருந்து ஏறி வந்தவங்கன்னு சொல்லுவாங்க. நீங்க எந்த ஊருங்க?”

“காஞ்சிபுரம்” என்றேன்.

ஸ்டெல்லா டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

அதன் பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து, வந்த வேலையைப் பார்த்தேன். குடிதண்ணீர்ப் பானை மூடியிருந்தது. கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. பொம்மைகளைப் பூட்டி வைக்கவில்லை. பாதி உடைந்திருந்தன, விளையாடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மொழி என்ற பகுதிக்கு வந்தபோதுதான் நிமிர்ந்து கேட்க ஆரம்பித்தேன். “ஏட்டி ரம்யா, இங்கன வா!” என்று தூத்துக்குடியிலிருந்து ஒரு குரல் போனால், “என்னாட்டிங்க டீச்சர்?” என்று மலையிலிருந்து மரியாதையோடு பதில் வந்தது. டீச்சரின் மகன் இரண்டு பேச்சையும் கலந்து, “வால சாமி, விளையாடலாமுங்க” என்று நண்பனைக் கூப்பிட்டான்.

சாப்பாட்டு நேரத்தில் டீச்சர், “அந்தச் சருவத்தை எடுத்துட்டு வாங்க” என்றார். ஒரு குழந்தையும் நகரவில்லை. “போசியக் கேக்கறாங்க கண்ணு” என்று செல்லம்மாள் சொன்னதும் மூன்று பேர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். புதிதாகச் சேர்ந்த மூன்று வயதுப் பையன் ஒருவன் முனகியது டீச்சருக்குப் புரியவில்லை. செல்லம்மாள் கேட்டு, “உங்க பேச்சு வேகம் அவனுக்குப் பயமா இருக்குதாம் டீச்சர்” என்றார். “நான் எங்கட்டி வேகமாப் பேசுதேன்?” என்று டீச்சர் ஒரே மூச்சில் கேட்டார்.

சாமைச் சோறு, சாம்பார், முட்டை. எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். நல்லதொரு அசடனிடம் மனிதர்களுக்கு வரும் நம்பிக்கையோடு, செல்லம்மாள் தனக்கு வேலை கிடைத்த கதையைச் சொன்னார்.

“போன்ல ஒரு பொண்ணு கேட்டுச்சுங்க, நீங்க மலையாளியான்னு. ஆமாங்கன்னேன். கொழந்தைங்ககிட்ட உங்க மொழியிலயே பேசுவீங்களான்னுச்சு. பின்ன யாரு மொழியில பேசுவாங்க? பேசுவேங்கன்னேன். அடுத்த மாசம் ஆர்டர் வந்துருச்சு. ‘மலையாளம் அறிந்த உதவியாளர்’னு போட்டிருக்குதுங்க!”

“நான் அப்பமே சொன்னேம்லா, எழுதிக் கேட்ருவோம்னு” என்றார் டீச்சர்.

“கேட்டா திருத்துவாங்க டீச்சர். திருத்துனா நான் ஊட்டுக்குப் போவோணும்.” செல்லம்மாள் என் பக்கம் திரும்பினார். “எம்பொண்ணு நாமக்கல்லுல நர்சிங் படிக்குதுங்க. மரவள்ளியில வர்றது மரவள்ளிக்கே செரியாப் போயிருது. இந்தச் சம்பளத்துலதான் அவ படிப்பு ஓடுது. நீங்க பாட்டுக்கு எங்காச்சும் சொல்லிப்போடாதீங்க சார்.”

“நான் சிரிப்பு எழுதுகிறவன் அம்மா, சிஐடி இல்லை” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் மகிழ்ந்தேன். மையத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று ஐந்து மதிப்பெண் போட்டேன். தாழ்ப்பாளுக்காக மட்டும் கொஞ்சம் குறைத்தேன்.

மாலை நான்கு மணிக்குச் செம்மேட்டில் செல்பேசிக்கு உயிர் வந்தது. வந்தவுடன் அறக்கட்டளையின் திட்ட அலுவலர் அழைத்தார். மரியாதையான இளம்பெண்.

“எப்படி இருந்தது சார்?”

‘நன்றாக இருந்தது’ என்பது இரண்டே சொல். அதைச் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் மலையாளம் கற்றுக்கொண்டு போன கதை நாக்கில் நின்றுகொண்டிருந்தது. சொன்னேன். பல் வலி வரை சொன்னேன். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தார். என் வியாதி இதுதான்: ஒரு சிரிப்பு வந்தால், அடுத்ததை வாங்காமல் இறங்க மாட்டேன். “இதைவிடப் பெரிய கூத்து கேளுங்கள்” என்று ஆரம்பித்து, செல்லம்மாளின் குரலிலேயே, ‘பின்ன யாரு மொழியில பேசுவாங்க?’ என்று நடித்துக் காட்டி, ஆர்டர் வரைக்கும் போய்விட்டேன்.

இரண்டாவது சிரிப்பு வரவில்லை.

“அப்படின்னா அங்கே எல்லாரும் தமிழ்தானா சார்?”

“அது வந்து... நகைச்சுவைக்காகச் சொன்னேன்.”

“நகைச்சுவையா, உண்மையா சார்?”

“உண்மைதான்.”

“அப்போ அந்தப் போஸ்ட்டே தேவையில்லையே” என்றார், பகலில் எரிந்துகொண்டிருக்கும் விளக்கை அணைக்கச் சொல்வது போல. அவரைக் குறை சொல்ல முடியாது. விளக்கைச் சுட்டிக் காட்டியவன் நான்.

பழனி ஆட்டோவின் முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தார். “ஏனுங்க சார், எங்க செல்லம்மா அக்கா வேலையவா சொன்னீங்க?”

“தெரியாமல் வாயில் வந்துவிட்டது.”

“தெரியாமயாங்க? நடிச்செல்லாம் காட்டுனீங்களே.”

ஊர் திரும்ப வேண்டியவன் 900 ரூபாய் வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கினேன். மறுநாள் காலை பழனியின் ஆட்டோவிலேயே மறுபடி போனேன். இந்த முறை அவர் சூப் வாங்கித் தரவில்லை.

செல்லம்மாள் பலா மரத்தடியில் பாய்களை உதறிக்கொண்டிருந்தார். நான் வழியெல்லாம் தயாரித்த முகவுரையைத் தொடங்குவதற்குள், “பழனி நேத்தே சொல்லிட்டானுங்க” என்றார். ஒரு பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

“செரி உடுங்க சார். இங்கிருந்து கேரளாவுக்கு மிளகு பறிக்க லாரியில ஆளுங்க போறாங்க. வேலை போச்சுன்னா நானும் போறேன். ரெண்டு வருசத்துல நெஜமாலுமே மலையாளம் கத்துக்குவேன். அப்பறம் வந்து இந்த வேலைக்குக் கேட்டா குடுப்பாங்கல்ல?”

ஸ்டெல்லா டீச்சர் வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க சார், இதுக்குச் சிரிக்க மாட்டேங்கறீங்க?” என்றார் செல்லம்மாள்.

உள்ளேயிருந்து ரம்யா ஓடிவந்து எட்டிப் பார்த்து, “தாத்தாவுக்கு இன்னும் செரியாவலீங்களா?” என்று கேட்டாள்.

அன்று மதியம் சேந்தமங்கலம் பேருந்து நிலையத்தில், நாமக்கல் பேருந்துகள் மூன்றைப் போகவிட்டு உட்கார்ந்து அறிக்கையை முழுவதும் மாற்றி எழுதினேன். சருவத்தையும் போசியையும் எழுதினேன். முனகிய பையனை எழுதினேன். ‘இம்மையத்தில் மொழிபெயர்ப்பு உதவி தேவையா?’ என்ற கேள்விக்கு, ‘மிகவும் தேவை. தமிழிலிருந்து தமிழுக்கு’ என்று எழுதினேன். என் வாழ்நாளில் நான் சிரிப்பில்லாமல் எழுதிய நான்கு பக்கங்கள் அவைதாம்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. ‘தங்கள் அறிக்கையை அலுவலகத்தில் அனைவரும் படித்துச் சிரித்தோம். தமிழிலிருந்து தமிழுக்கு என்ற வரி பிரமாதம். உதவியாளர் பணி மார்ச் மாதத்தோடு நிறைவடைகிறது. கழிப்பறைத் தாழ்ப்பாள் உடனே மாற்றப்படும்.’ பதறிப்போய் அழைத்து, அது நகைச்சுவை இல்லை, மெய்யாகவே எழுதினேன் என்றேன். அந்தப் பெண் அதற்கும் சிரித்தார்.

எங்கள் தெருவில் ஒரு மழலையர் பள்ளி இருக்கிறது. பெயர்ப் பலகையில் ‘சர்வதேச’ என்று இருக்கும். சுவரில் உலகக் குழந்தைகளெல்லாம் கைகோர்த்து நிற்கும் படம் உண்டு. உள்ளே இருப்பவர்கள் பக்கத்து இரண்டு தெருப் பிள்ளைகள். அவர்களும் தமிழில் பேசினால் ஆசிரியை உதட்டில் விரல் வைக்கிறார். தினமும் அதைக் கடந்துதான் டீக்கடைக்குப் போகிறேன். பாலக்காட்டுக்காரர், “கொல்லிமலையில் நம்ம மலையாளம் எப்படி?” என்று கேட்கும்போதெல்லாம் டீ சூடாக இருப்பதாகச் சொல்லிப் பேச்சை மாற்றுகிறேன்.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று கேட்பதற்காகப் போன வாரம் செல்லம்மாளை அழைத்தேன். நடந்ததற்கு என்னால் செய்ய முடிந்த பரிகாரம் இது ஒன்றுதான், நாலு பேர் படித்தால் ஏதாவது நடக்கலாம், என் தவறை நான் மறைக்காமல் எழுதுவேன் என்று நீளமாகப் பேசினேன். அவர் முழுவதும் கேட்டார்.

“எழுதுங்க சார். எழுதுனா உங்களுக்குக் காசு தருவாங்கல்லீங்க?”

“கொஞ்சம் தருவார்கள்.”

“அப்பச் செரிங்க. நம்ம ரெண்டு பேருல ஒருத்தருக்காச்சும் வேலை இருக்கட்டும்.”