முப்பத்தொரு மில்லிமீட்டர்

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சீட்டுக்கும் கைப்பிடிக்கும் அடியில் பழைய சாக்கை மடித்துப் போட்டுவிட்டு, ஃபிரேமின் மேல் சிவப்புச் சாயத்தைப் பீச்சுவார் விரிசல் அண்ணன். சனிக்கிழமைதோறும் சாப்பாட்டு மணி அடித்தவுடன் நடக்கும் வேலை இது. சாயம் ஊறப் பத்து நிமிடம். அதற்குள் டப்பாவில் கொண்டுவந்ததைச் சாப்பிட்டு முடித்துவிடுவார். பிறகு சாயத்தைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியை அடித்து, கைகட்டி நிற்பார். விரிசலுக்குள் ஒளிந்திருந்த சாயம் மெல்லக் கசிந்து, வெள்ளையின் மேல் தலைமுடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடாக எழும். ஸ்கேல் வைத்து அளப்பார். கோடு முடியும் இடத்தில் ஊசியால் ஒரு புள்ளி, பக்கத்தில் தேதி.

"அரை மில்லி வளந்துருக்கு," என்பார். பிள்ளையின் உயரத்தைச் சொல்வதுபோல இருக்கும்.

பாரம் தூக்கும் இயந்திரங்களுக்குக் கொக்கி செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. கொக்கிகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அவர் சொல்வதை அறிக்கையாக அடித்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வரை போனவள் என்று தெரிந்ததிலிருந்து இங்கே என் பெயர் 'டிகிரி'. அவர் பெயர் 'விரிசல் அண்ணன்'.

"எங்க வீட்டுப் பக்கம் மட்டும் வந்துராதீங்கண்ணே," என்பார் லேத் ஓட்டும் கடைசல்காரர். "ஏதோ நல்லாப் போய்க்கிட்டிருக்கு. நீங்க உத்துப் பாத்து எதையாவது கண்டுபிடிச்சிருவீங்க."

"நான் எதுக்கு வந்து கண்டுபிடிக்கணும்? நீங்க புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போடுற சத்தம்தான் தெருமுனை வரைக்கும் கேக்குதே."

ஒரு மில்லிமீட்டர் விரிசல் இருந்தாலும் கொக்கியை இரண்டாக வெட்டிப் போடச் சொல்லிவிடுவார். ஒருமுறை மேலாளர் வந்து, "இது விரிசல் இல்லய்யா, வெறும் கீறல். கையெழுத்துப் போடு," என்றார். இவர் கொக்கியை அவர் பக்கம் நகர்த்தினார். "சரிங்க சார். இதுல ஒரு டன் மாட்டித் தூக்கச் சொல்றேன். நீங்க அடியில நில்லுங்க, நான் கையெழுத்துப் போட்டுர்றேன்." மேலாளர் போய்விட்டார்.

சைக்கிளுக்கு இருபத்தாறு வயது. வீட்டிலிருந்து இங்கே ஒன்பது கிலோமீட்டர், திரும்ப ஒன்பது. செயின், டயர், பெடல், சீட் எல்லாம் பலமுறை மாறிவிட்டன. மாறாதது ஃபிரேம் மட்டும். கணக்குப் போட்டுப் பார்த்து, "அண்ணே, பூமியை மூணு தடவைக்கு மேல சுத்தியிருக்கீங்க," என்றேன் ஒருநாள்.

"சுத்தி என்னம்மா? சாயங்காலமானா அதே வீட்டுக்குத்தானே வந்து நின்னேன்."

அந்த வீட்டில் இப்போது அவர் மட்டும். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகள் வேறு ஊரில், கணவன் குழந்தையோடு. ஒரு கையெழுத்துக்காக நான் அங்கே போனபோது, உட்காரச் சொல்லிவிட்டு, நாற்காலியின் மேலிருந்த துணிகளையும் செய்தித்தாள்களையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார். யாரும் உட்கார்ந்து வெகுகாலமாகியிருந்த நாற்காலி அது.

விரிசல் இருப்பது கைப்பிடிக்குக் கீழிருந்து பெடலை நோக்கிச் சாய்ந்து இறங்கும் குழாயில். மகள் சின்னவளாக இருந்தபோது முன்னால் ஒரு குட்டிச் சீட்டு போட்டு, கால் வைக்க அந்தக் குழாயில் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்திருக்கிறார். அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்கு வருவார். அந்தப் பற்றவைப்பின் ஓரத்தில்தான் விரிசல் ஆரம்பித்திருக்கிறது.

"மெல்லிசுக் குழாயில சூடு காட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். பொண்ணு கால் தொங்கிக்கிட்டு வந்துச்சு, வச்சிட்டேன்."

அவள் வளர்ந்த பிறகாவது கம்பிகளை அறுத்திருக்கலாமே என்று கேட்டேன். துணியை எடுத்து அந்தக் கம்பிகளைத் துடைத்தார்.

இரும்பும் களைத்துப்போகும் என்பதை நான் பரீட்சைக்குப் படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒரே அடிக்கு அசையாத குழாய், சின்னச் சின்னக் குலுக்கலை லட்சக்கணக்கான முறை வாங்கி வாங்கி ஒருநாள் விட்டுவிடும். அதை ஒருவர் வாராவாரம் உட்கார்ந்து பார்ப்பார் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

பார்ப்பதற்குக் காரணம் ஒரு பேச்சு. அம்மா இறந்த வருடமே மகள் கூப்பிட்டுவிட்டாள்: வீட்டைக் காலி பண்ணிட்டு வந்துருங்கப்பா. இவர் சிரிப்புக்காகச் சொன்னார்: "இந்த வண்டி ஓடுற வரைக்கும் நான் இங்க. அது உடையுற அன்னிக்கு வந்துர்றேன்." அவள் அதை வாக்காகப் பிடித்துக்கொண்டாள். தினமும் சரியாக ஒரு மணிக்கு அவளிடமிருந்து போன் வரும். இவருக்கு ஒரு காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போடுவார். அறை முழுக்கக் கேட்கும்.

"அப்பா, சாப்டீங்களா? வண்டி எப்படி இருக்கு? உடைஞ்சுதா இல்லையா?"

"ஓடுதுடா கண்ணு."

இதுவரை அது பொய்யாக இருந்ததில்லை. விரிசலைப் பற்றி அவள் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை.

ஒருமுறை மகள் வீட்டுக்குப் போய்ப் பதினொரு நாள் இருந்துவிட்டு வந்தார். "மாப்ள தங்கமான ஆளு. காப்பியக் கையில கொண்டுவந்து குடுக்கறாரு. நான் ஒரு டம்ளரக் கழுவப் போனா மூணு பேரு ஓடி வர்றாங்க. அதுதாம்மா கஷ்டம்." புது சைக்கிள் வாங்கலாம். ஆனால் 'இந்த வண்டி' என்று சொல்லிவிட்டார். விரிசல்மேல் ஒரு தகடு வைத்துப் பற்றவைக்கலாமே என்று கடைசல்காரர் சொன்னதற்கு, "அது அளவத் திருத்துற மாதிரி," என்று முடித்துவிட்டார்.

முதலில் நான்கு மில்லிமீட்டர். பதினான்கு மாதத்தில் முப்பத்தொன்று. எனக்குப் பயம் வந்தது.

"அண்ணே, இதே விரிசல் ஒரு கொக்கியில இருந்தா?"

"வெட்டிப் போட்ருவேன்."

"அப்போ இது?"

"இது யாரு தலைக்கு மேலயும் தொங்கலயேம்மா."

அவருக்கு ஒரு தலை இருப்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. ஆபத்து நேரத்தில் கூப்பிட வேண்டிய எண்கள் எங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன. மகளின் எண்ணை இரண்டு முறை எடுத்து மேசைமேல் வைத்தேன். என்னவென்று சொல்வேன்? என் அப்பா தன் முழங்கால் வலியைப் பற்றி என்னிடம் வாய் திறந்ததில்லை. நானும் கேட்டதில்லை. வாரம் ஒரு போன், அதுவும் நடந்துகொண்டே. கோப்பைத் திரும்ப வைத்துவிட்டேன். அது மரியாதையா கோழைத்தனமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

போன வியாழக்கிழமை காலை, தொழிற்சாலை வாசல் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது சைக்கிள் உடைந்தது. உள்ளங்கையும் முழங்காலும் சிராய்ந்து, பின்சக்கரம் கோணிக்கொள்ள, அதைத் தூக்கியும் இழுத்தும் சோதனை அறைக்குக் கொண்டுவந்தார். நான் கைக்கு மருந்து போட்டுக் கட்டினேன். கட்டி முடிப்பதற்குள் மறு கையால் வண்டியைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

முப்பத்தொரு மில்லிமீட்டர் விரிசல் அப்படியே இருந்தது. முறிந்தது வேறு இடம். பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய், செயின் பக்கம், மசகும் மண்ணும் அப்பிக்கிடந்த இடம். பதினான்கு மாதத்தில் ஒருநாளும் அவர் சாயம் அடிக்காத இடம்.

முறிந்த வாயை வெளிச்சத்தில் காட்டினார். முக்கால்வாசி பழுப்பு, ஓரத்தில் பிறைபோல் கொஞ்சம் பளபளப்பு.

"பழுப்பு பழசு. பளபளப்பு மட்டுந்தான் இன்னிக்கு," என்றார். "ஒரு வருசமா இங்க உடைஞ்சுக்கிட்டிருக்கு. நான் தெரிஞ்ச எடத்தையே பாத்துக்கிட்டிருந்திருக்கேன்." சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

செய்தி பரவி, கடைசல்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, அப்ப பெட்டி கட்ட வேண்டியதுதானா?" கேலியாகத்தான் கேட்டார். அண்ணன் முகத்தைப் பார்த்ததும், "சரி, அப்புறம் வர்றேன்," என்று நகர்ந்தார்.

காலை முழுக்க அவர் பதினாறு கொக்கிகளைப் பார்த்தார். ஒன்றை வெட்டச் சொன்னார். சாப்பாட்டு மணி அடித்தது. டப்பாவைத் திறந்து வைத்தார், சாப்பிடவில்லை. ஒரு மணிக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரைப் போட்டார். பின்னணியில் பேரக்குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, சாப்டீங்களா?"

"ம்."

"வண்டி எப்படி இருக்கு? உடைஞ்சுதா இல்லையா?"

என்னைப் பார்த்தார். நான் கணினித் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

போனைத் தாழ்த்திப் பிடித்து, அடிபட்ட முழங்காலை ஊன்றிக் குனிந்து, கட்டுப் போட்ட கையை நீட்டி, தலைகீழாகக் கிடந்த சைக்கிளின் மணியை அவளுக்குக் கேட்கும்படி இரண்டு முறை அடித்தார்.