பெரியக்காவின் கை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் சொற்கள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இரண்டாம் இடத்தில் நிற்பவர்களைக் கொச்சியின் மட்டாஞ்சேரியில் என்னவெல்லாம் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று சின்ன வயதிலிருந்தே கவனித்து வந்திருக்கிறேன். கொத்தனாருக்குப் பக்கத்தில் நிற்பவன் கையாள். பஸ் வாசலில் தொங்கிக்கொண்டு வருகிறவன் கிளி. கட்சிக்காரருக்குக் குடை பிடித்தபடி பின்னால் நடப்பவன் சிங்கிடி. அந்தச் சொல்லை அவன் காதுபட யாரும் சொல்ல மாட்டார்கள். குடோன் முதலாளிக்கு எல்லாமாக இருப்பவர் வலதுகை; அதை அவர் எதிரில் இருக்கும்போது மட்டும்தான் சொல்வார்கள். ஏழாம் வகுப்பில் என்னை செகண்ட் லீடர் ஆக்கினார்கள். லீடர் வராத நாளில் போர்டு துடைக்கிற பதவி. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று டீச்சருக்குப் புரியவில்லை.

என் அம்மாவுக்கு எங்கள் சந்தில் இருந்த பெயர் கை. பெரியக்காவின் கை.

பெரியக்கா எங்களுக்கு உறவு கிடையாது. சுக்கு குடோனுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம். அங்கே ஒரு பெண் இறந்துபோனால், குளிப்பாட்ட வேண்டிய உறவுப் பெண்கள் ஊரிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் பெரியக்கா போவாள். தேய்த்துக் குளிப்பாட்டுவது அவள். தண்ணீர் ஊற்றுவது அம்மா.

குளிப்பாட்டுகிற அறைக்குள் யார் பெயரையும் சொல்லக் கூடாது. சொன்னால் படுத்திருப்பவள் கேட்டு வைத்துக்கொள்வாள் என்பார்கள். அதனால் பெரியக்கா "கை" என்று மட்டும் கூப்பிடுவாள். அம்மா "ம்" என்று சொல்லிவிட்டு ஊற்றுவாள். கூப்பிடாமல் ஒரு சொட்டும் விழக் கூடாது. எட்டு வயதில் ஒருமுறை கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அந்த "ம்" நான் வீட்டில் கேட்ட அம்மாவின் குரல் இல்லை. அடித்தொண்டையிலிருந்து, யாருடையதோ போல வந்தது. அம்மாவின் கண் இமைக்கவில்லை. அன்று இரவு அவள் பிசைந்து கொடுத்த சோற்றை நான் வாங்கிக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்தில் யாராவது என்னைக் "கையோட பொண்ணு" என்றால் சண்டைக்குப் போவேன். நான் யாருக்கும் கையாக இருக்க மாட்டேன் என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

நான் காலேஜில் ப்ரீ டிகிரி படித்துக்கொண்டிருந்த வருஷம், ஆடி மழையில் ஒரு காலை பெரியக்கா போய்விட்டாள். சேதி கொண்டுவந்தவள் சந்துமுனை சாயாக்கடைச் சேச்சி. அவளும் தமிழ்தான், சாயா விற்று விற்றுச் சேச்சி ஆகிவிட்டாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

"நீ போகாதே," என்றாள் அம்மாவிடம். "குளிப்பாட்டுற முதல் ஆள் செத்துப்போனா தன் கையைக் கூப்பிடாம இருக்காது. கூப்பிட்டு நீ ம் சொல்லிட்டேன்னா அப்புறம் நீ அவளோட ஆள்தான்."

அப்படியெல்லாம் இல்லை என்று அம்மா சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அக்காவைக் குளிப்பாட்டாமல் அனுப்ப முடியாது என்று மட்டும் சொன்னாள். சேச்சி வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தாள். ஒருத்திக்கு இடுப்பு வலி, ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். கடைசியில் சேச்சி என்னைப் பார்த்தாள்.

"காலேஜ் பொண்ணு வர்றதுதானே? செத்தவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, பயப்படாதே."

எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அம்மா அதற்குள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள், அவளுடைய முகம் கதவிடுக்கில் பார்த்த அந்த முகமாக மாறிக்கொண்டிருந்தது. நானும் வருகிறேன் என்றேன். அம்மா குளிப்பாட்டட்டும், நான் ஊற்றுகிறேன். கூப்பிடுவது அம்மாவாகவும், ம் சொல்வது நானாகவும் இருந்தால் பயமில்லை என்று சேச்சியும் ஒப்புக்கொண்டாள்.

பெரியக்காவைப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். ஓடு ஒழுகி ஒரு மூலையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பலகைக்குப் பக்கவாட்டில், தண்ணீர் அண்டா அருகே செம்போடு நின்றேன். அம்மா தலைமாட்டுக்குப் போகவில்லை. நேராக என்னிடம் வந்து செம்பை வாங்கிக்கொண்டு, நான் நின்ற இடத்தில் நின்றாள். அம்மா நிற்க வேண்டிய இடத்தைக் கையால் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. காத்திருந்தாள்.

ஓட்டில் மழை விழுந்துகொண்டிருந்தது; நான் கூப்பிடவில்லை. பிறகு அம்மாவின் தலை பலகைப் பக்கம் லேசாகச் சாய்ந்தது.

"ம்," என்றாள். ஊற்றினாள்.

தண்ணீர் பெரியக்காவின் நெற்றியில் விழுந்து, தேய்க்கும் கை இல்லாமல் காது வழியாக இறங்கியது. வாசலில் நின்ற சேச்சி கதவை வெளியிலிருந்து சாத்தினாள். அம்மா மறுபடி மொண்டாள். மறுபடி தலை சாய்ந்தது. மறுபடி அந்த "ம்".

மூன்றாம் முறை அவள் உதடு பிரிவதற்குள் நான் தலைமாட்டுக்குப் போயிருந்தேன்.

"கை," என்றேன். "இங்க பாரு. தண்ணி."

அம்மா நிமிர்ந்தாள். ஒரே நேரத்தில் இரண்டு எஜமானர்கள் கூப்பிட்டுவிட்ட வேலைக்காரி போல, பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து "ம்" என்றாள்.

அதன் பிறகு நான் நிறுத்தவில்லை. கை, தலைக்கு ஊத்து. கை, போதும். கை, மஞ்சளை எடு. கை, காலுக்கு. எதற்குப் பின் எது என்று எனக்குத் தெரியாது. நடுவில் இடம் விடக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. சீயக்காய் நெடியில் ஒருமுறை இருமிவிட்டேன். அந்த இடைவெளியிலேயே அம்மாவின் தலை பலகைப் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. இருமலோடே கூப்பிட்டேன். பெரியக்காவின் முகத்தைத் துடைத்தபோது அது என்னைக் கோபித்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது.

கோடிப் புடவை சுற்றி முடித்ததும் ஆண்கள் வந்து தூக்கினார்கள். பாடை சந்து திரும்பிய பிறகும் அம்மா கிணற்றடியில் ஈரத்தோடு நின்று அந்தக் காலி அறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா, வா, குளிக்கலாம் என்றேன். திரும்பவில்லை. சேச்சி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அதற்கும் திரும்பவில்லை. கடைசியில் நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். உடனே வந்தாள். வீடு வரைக்கும் எனக்குப் பின்னாலேயே நடந்தாள். நான் நின்றால் நின்றாள்.

இப்போது எர்ணாகுளத்தில் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறேன், அதே சந்திலிருந்து படகில் போய்வருகிறேன். அம்மா சமைக்கிறாள், மீன்காரியோடு பேரம் பேசுகிறாள், அக்கம்பக்கத்தில் சிரித்துப் பேசுகிறாள். சந்தில் யாரும் அவளைப் பழைய பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நான் மட்டும், வேறு யாரும் கூப்பிட்டுவிடாதபடி, ஒரு நாளைக்குப் பலமுறை மெதுவாகக் கூப்பிட்டு வைக்கிறேன். மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி. மாலைப் படகில் திரும்பி வந்து செருப்பைக் கழற்றியதும் முதல் வேலை அதுதான்.

"கை."

உள்ளேயிருந்து "ம்" வரும். சில நாட்களில் நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது.