அக்கா தைத்த இரண்டு கோட்டுகள்

என் அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. உடன்பிறந்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அக்கா மலேசியாவில், கிள்ளானில் பிறந்தவர். அப்பா ரயில்வே தொழிலாளி. மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே அத்தான் காலமாகிவிட, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடையில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். கோட்டுகளுக்குப் பை வைப்பதுதான் அவர் வேலை. மேலே ஒட்டித் தைக்கும் பை அல்ல. கோட்டுத் துணியையே கீறி, அந்த வாய்க்குப் பட்டில் மெல்லிய பட்டி வைத்துத் தைக்கும் அலங்காரப் பை. கத்தரி இம்மி தவறினாலும் கோட்டு வீண். அக்காவுக்கும் ஒருமுறை தவறியது. அன்று அவர் சாப்பிடவில்லை.

மகனின் கல்யாணக் கோட்டையும் அவரே தைத்தார். கல்யாணத்துக்கு முந்தைய வாரம், ஷா ஆலத்தில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்த பிள்ளையை லோரி மோதிவிட்டது. அந்தக் கோட்டையே அவனுக்கு உடுத்தினோம். புதுக் கோட்டில் பையின் வாய் விரியாமலிருக்க நூலோட்டி மூடியிருப்பார்கள். சவப்பெட்டியை மூட வந்தவரிடம் அக்கா, "கொஞ்சம் இருங்கண்ணே, பை இன்னும் தொறக்கல," என்றார். குனிந்து அந்த நூலைப் பிரித்தெடுத்தார். அதன்பின் கடையில் பட்டன் வைக்கும் வேலையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவனுக்கு நிச்சயித்திருந்த பெண் தேவி, அக்காவைப் பார்க்க வருவதை நிறுத்தவில்லை. அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது டயாலிசிஸுக்குக் காரில் அழைத்துப் போனதும் அவள்தான். வீட்டில் பார்த்த வரன்களை எல்லாம் அவள் தட்டிக் கழிப்பது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒத்துக்கம்மா. மாப்பிள்ளைய அளவுக்கு வரச் சொல்லு. கோட்டு நான் தைக்கிறேன்."

"கடையில வாங்கிக்கலாம்லா அத்தை. உங்களுக்குக் கை வலிக்கும்."

"வலிக்கட்டும். வரச் சொல்லு."

தேவியின் முகூர்த்தச் சேலைத் துணியிலேயே பைக்குப் பட்டி வைத்தார். கீறும் நேரம் வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "துணிய இழுத்துப் புடி," என்றார். கத்தரியை வைத்தவர் வெகுநேரம் அசையவில்லை. பிறகு நேராக வெட்டினார். அன்றுதான் மகன் பெயரைச் சொல்லி அவர் வாய்விட்டு அழுததைக் கேட்டேன்.

அந்தக் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு, சில மாதங்களில் அக்கா கண்மூடினார்.

பரிவோடு பார்த்துக்கொண்ட தாதியருக்கும், துக்க வீட்டில் சமைத்துப் போட்ட அண்டை வீட்டாருக்கும், கடை முதலாளிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கொள்ளி வைப்பது யார் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது தேவியின் கணவர் என்னிடம் வந்தார்.

"ஆன்டி, நான் வைக்கலாமா? தேவிகிட்ட கேட்டுட்டேன்."

அவர்தான் வைத்தார். அந்தப் பிள்ளைக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் வார்த்தை வரவில்லை.