காலையில் எழுந்து என்ன செய்வீங்க?

“ஐ லாக் மை ஹஸ்பண்ட்” என்றார் பழனியம்மா.

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. “அக்கா, எனக்கும் ஒரு பூட்டு வாங்கிக் குடுங்க!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். நானும்தான் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாகலூரில் பெண்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன் என்று உங்களிடம் முன்பே பீற்றிக்கொண்டிருக்கிறேன் அல்லவா? எல்லோரும் காபி எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள். ஏற்காட்டைச் சுற்றி ரிசார்ட்டுகள் பெருகிவிட்டன. நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிந்தால் ஹவுஸ்கீப்பிங் வேலை கிடைக்கும். அதற்குத்தான் வருகிறார்கள்.

அன்றைய பாடம், தினசரி வேலைகள். எழுந்திருக்கிறேன், டீ போடுகிறேன், சோறாக்குகிறேன்... பழனியம்மா எல்லாவற்றையும் அழகாகச் சொல்லிவிட்டு இப்படி முடித்தார்.

“ஹஸ்பண்ட் இல்லம்மா, ஹவுஸ். ஐ லாக் மை ஹவுஸ்” என்று திருத்தினேன்.

“இல்லீங்க மேடம். ஊட்டுக்காரரைத்தானுங்க பூட்டறேன்.”

மறுபடியும் சிரிப்பு. ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை – சரசு. கொட்டச்சேடு கிராமத்தில் பழனியம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. “சும்மா இருங்கடி” என்று அதட்டினாள். சத்தம் அடங்கியது.

பழனியம்மாவின் கணவர் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறியவர். ஏணி சறுக்கித் தலையில் அடி. சேலம் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் ஆள் பழைய ஆளாகத் திரும்பவில்லை. பேச்சு குறைவு. கதவு திறந்திருந்தால் நடக்க ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை கொண்டை ஊசி வளைவில், நடுரோட்டில் உட்கார்ந்திருந்தவரை பஸ் டிரைவர் பார்த்து பிரேக் போட்டிருக்கிறார்.

“காட்டுமாடு வேற திரியுதுங்க. பிள்ளைகளும் இல்லீங்க. பூட்டாம எப்படிங்க வேலைக்குப் போறது? சோத்தையும் தண்ணியையும் பக்கத்துல வெச்சிட்டுப் போவேன். மொதல்ல கதவைத் தட்டுவாருங்க. இப்பத் தட்டறதில்ல.”



அவர் வீட்டருகே ஒரு ரிசார்ட் திறந்திருந்தார்கள். அங்கே வேலை கிடைத்தால் மத்தியானம் ஓடி வந்து கதவைத் திறந்து, கணவரைக் கொஞ்சம் வெயிலில் உட்கார வைக்கலாம். பழனியம்மாவுக்கு இங்கிலீஷ் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த ரிசார்ட் மேனேஜரிடம் நானே பேசினேன். நேரில் வரச் சொன்னார்.

“மத்ததெல்லாம் சொல்லுங்க. அந்த ஒரு வரி மட்டும் வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினேன்.

“சரிங்க மேடம்” என்றார்.

சொன்னபடியே செய்தார். எழுந்ததிலிருந்து எஸ்டேட் போவது வரை தடுமாறாமல் சொல்லியிருக்கிறார். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். வீட்டில் யாரெல்லாம் என்று இங்கிலீஷிலேயே கேட்டிருக்கிறார்.

“மை ஹஸ்பண்ட்.”

“வாட் டஸ் ஹி டூ?”

இதற்கு நான் பதில் சொல்லித் தரவில்லை. பழனியம்மா யோசித்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார்.

“ஹி சிட்ஸ்.”

மேனேஜர் தமிழுக்கு மாறிவிட்டார். பழனியம்மாவுக்குத் தமிழில் பொய் சொல்ல வரவில்லை.

அன்று சாயங்காலமே எனக்கு போன். “நல்ல லேடி மேடம். ஆனா அடிக்கடி லீவு போடுவாங்க. வீட்ல ஏதாவது ஆச்சுன்னா எங்களுக்கும் பிரச்சினை...”

நான் மன்றாடினேன். கோபப்பட்டேன். பிரயோஜனம்? அந்த வேலை வேறொரு பெண்ணுக்குப் போயிற்று.

என்னிடம் இருக்கும் இங்கிலீஷ் புத்தகங்களை அதற்குப் பிறகு புரட்டிப் பார்த்தேன். எல்லோரும் பல் விளக்குகிறார்கள், டிபன் சாப்பிடுகிறார்கள், சிரித்துக்கொண்டே ஆபீஸ் போகிறார்கள். ஒரு வீட்டிலாவது நோயாளி இருக்க வேண்டுமே? ம்ஹூம்!

சரசுதான் ஒரு ஏற்பாடு செய்தாள். சாவியை வாங்கிக்கொண்டு, அவர்கள் வீட்டு வரிசையில் அன்றைக்கு வேலைக்குப் போகாத பெண் யாரோ அவள் கையில் கொடுத்துவிடுவாள். அந்தப் பெண் மத்தியானம் கதவைத் திறந்து, அவரைக் கைபிடித்து வாசலில் உட்கார வைப்பாள். சில நாள் நன்றாகத்தான் நடந்தது.

இப்போது காபிப் பழ சீசன். எல்லோருக்கும் வேலை. பகலில் அந்த வரிசையில் ஆளே இல்லை. கதவு சாயங்காலம்தான் திறக்கிறது.

பழனியம்மா வகுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. சரசுவும் அவரும் முறை வைத்துக்கொண்டு, ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அவள்; வகுப்புக்கு வராதவர் பழனியம்மாவின் கணவருக்குத் துணை. போன ஞாயிறு பழனியம்மாவின் முறை. தினசரி வேலைகள் பாடம் முடிந்தது, இனி எதிர்காலம் – நாளைக்கு என்ன செய்வோம் என்று சொல்லப் பழகலாம் என்றேன்.

“ஏனுங்க மேடம், இன்னும் கொஞ்ச நாளைக்கு இதையே படிக்கலாமுங்களா?” என்றார் பழனியம்மா. “நாளைக்கும் எனக்கு இதேதானுங்க.”