தொலையாத குழந்தை

இஸ்திரிக்காரர் நேற்று பேரனின் சாரணர் உடுப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். கஞ்சி போட்ட காக்கியின் வாசனை வந்ததும் அதைத் தள்ளி வைத்தேன். நல்ல வாசனைதான். தப்பு காக்கியுடையது அல்ல.

எங்கள் காலத்தில் மயிலாப்பூரில் ஸ்கவுட் என்றால் தனி மவுசு. அடையாற்றங்கரையில் கூடாரம் போட்டு, மணல் விழுந்த உப்புமாவைக் கிண்டி, வேறு வழியில்லாமல் நாங்களே தின்றோம். தனியாகத் தெருவைத் தாண்டப் பயந்த நான் நீந்தக் கற்றது அங்கேதான். ராயப்பேட்டை கரீமோடு ஒரே தட்டில் சாப்பிட்டதும் அங்கேதான், வீட்டில் சொல்லவில்லை. காலையில் கழுத்துக்குட்டையின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வோம். அன்றைக்கு யாருக்காவது உதவி செய்த பிறகே அதை அவிழ்க்கலாம்.

அறுபத்து மூவர் திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் கயிறு பிடித்தோம். சாயங்காலம் ஆயிற்று, என் முடிச்சு மட்டும் அவிழவில்லை. அப்போதுதான் வடக்கு மாட வீதியில், பூட்டிய கடைப் படியில், ஒரு சின்னப் பையன் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

"அம்மா இங்கியே குந்திக்கினு இருன்னு சொல்லிச்சி," என்றான்.

நான் காதில் வாங்கவில்லை. அவன் காணாமற்போன குழந்தையாக இருப்பதுதான் எனக்குச் சௌகரியம். கையைப் பிடித்து இழுத்துப் போய் காணாமற்போனவர்களுக்காகப் போட்டிருந்த எங்கள் ஸ்கவுட் கொட்டகையில் விட்டு, முடிச்சை அவிழ்த்துக்கொண்டு திரும்பினேன்.

படியருகே நொச்சிக்குப்பத்துப் பெண் ஒருத்தி, தண்ணீர்ப்பந்தலில் வாங்கிய மோரோடு நின்று அலறிக்கொண்டிருந்தாள். யாரோ கோயில் குளத்தைப் பார்க்கச் சொல்ல, குவளையைப் போட்டுவிட்டுப் படித்துறைக்கு ஓடினாள். நான் கொட்டகைக்கு ஓடினேன். பையன் அங்கே இல்லை. நழுவிவிட்டானாம்.

கரீமிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவன் திட்டவில்லை, விசிலை ஊதினான். கோலிக்காக அடித்துக்கொள்ளும் எங்கள் ஸ்கவுட் பையன்கள் கைகோத்து வரிசையாக வீதியை அலசினார்கள். அப்படிப் பதறாமல் தேட அந்த வயதில் ஸ்கவுட்டைத் தவிர வேறு யார் எங்களுக்குப் பழக்கியிருப்பார்கள்? நான்தான் பதறினேன். சப்பரங்கள் போய்க்கொண்டே இருந்தன. மேளம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. குளத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில், அந்தக் கடைப் படியைத் தேடி நடந்துகொண்டிருந்தவனைக் கரீம் தூக்கிவந்தான். நானே ஒப்புக்கொள்ளட்டும் என்று பையனை என் கையில் கொடுத்தான்.

படித்துறையில் நின்ற அம்மாவிடம் கொண்டுபோனதும் பையன் என்னைக் காட்டி, "இந்த அண்ணன்தான் என்னை இட்டுக்கினு போச்சி," என்றான்.

"ஆமாண்டா ராசா, அண்ணன் இல்லாங்காட்டி நீ எனக்கு ஏது?" என்று அவள் என் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சொல்லிடுடா," என்றான் கரீம், மெதுவாக.

நான் சொல்லவில்லை.

பிறகு, பயிற்சிக்காகக் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம், சாலையோரம் மீன் விற்றுக்கொண்டிருக்கும் அவள் பக்கத்துப் பெண்களிடம் என்னைக் காட்டுவாள். "எம்புள்ளைய மீட்டுக் குடுத்த நைனா இதுதான்." நான் சுற்றுவழியில் போகத் தொடங்கினேன். பெரியவனானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். உத்தியோகம் கிடைத்த பிறகு ஒருநாள் துணிந்து போனேன். அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். விசாரிக்காமல் திரும்பிவிட்டேன்.

இப்போது அந்தச் சாலையை அகலப்படுத்திவிட்டார்கள். கரீமும் போய்ச் சேர்ந்துவிட்டான். நான் இனி நேர்வழியிலேயே கடற்கரைக்கு நடக்கலாம். நைனா என்று கூப்பிட அங்கே யாரும் இல்லை.